காங்கேயத்துக்கு ஏற்ற படிப்பு

கொங்கு நாட்டுக் குடியானவன் ஒரு காளைக் கன்றை ஏருக்குப் பழக்க வேண்டுமானால் என்ன செய்வான் என்பதை நேயர்களில் பலர் கண்ணால் கண்டிருப்பார்கள். பழகின மாடு ஒன்றை நுகத்தடியின் ஒரு பக்கத்தில் பூட்டுவான். கன்றை மறு பக்கத்தில் பூட்டுவான். கன்று துள்ளும், முரண்டு பிடிக்கும், சமயத்தில் படுத்துக்கொண்டும் விடும். பழகின மாடோ அதை லட்சியம் செய்யாமல் தன் பாட்டுக்கு நடக்கும். சில நாட்களில் கன்றும் கூடவே கால் போடக் கற்றுக்கொண்டுவிடும்.

காங்கேயம் காளையின் பெருமை தேசம் அறிந்தது. செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறி, வளர்ந்தபின் திமில் கருத்து நிற்கும் அதன் அழகைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால் அழகு பிறப்பிலே வருவது, வேலைத்திறம் பழக்கத்திலே வருவது என்பதைக் குடியானவன் நன்கு அறிவான். ஆகையினால்தான் கன்றைக் கொட்டிலில் கட்டிவைத்துவிட்டு, "உழவு என்பது யாது?" என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்.

நம்முடைய பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்த ஞானம் நமக்கு எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை. படிப்பை ஒரு திசையில் வைக்கிறோம். தொழிலை வேறொரு திசையில் வைக்கிறோம். பிள்ளை இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ படித்துச் சான்றிதழ் வாங்கி வந்த பிறகு, அவனுக்கும் பக்கத்து ஆலைக்கும் அறிமுகமே இல்லை என்று கண்டு திகைக்கிறோம்.

காங்கேயத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு கோயமுத்தூர் ஜில்லாவிலும் பிறகு ஈரோட்டிலும் சேர்ந்திருந்து, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் அடங்கியுள்ள ஊர் அது. வானம் பார்த்த பூமி. கிளுவை வேலி கட்டிய கொறங்காடும், அதில் கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமுமே அதன் பழைய செல்வம். நெல் அதிகம் விளையாத இந்தச் சீமைதான் இன்று வெளியூர்களிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் நெல்லை அவித்து, அரைத்து, அரிசியாக்கி அனுப்புகிறது. தென்னந்தோப்புகளிலிருந்து வரும் தேங்காயை உடைத்துக் களத்தில் உலர்த்தி, கொப்பரையாக்கி, ஆட்டி எண்ணெயாக்கி அனுப்புவதும் இதே ஊர்தான். சிவன்மலை அடிவாரத்திலிருந்து வெள்ளகோயில் வரையில் சாலையோரம் போகிறவர்களுக்குத் தேங்காய்க் களங்களும் ஆலைப் புகைபோக்கிகளும் கண்ணில் படாமல் இரா.

இங்கே ஆலை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே குறைதான்: "ஆள் கிடைக்கறதில்லீங்க." படிக்கும் வயதில் மகன் உள்ள தகப்பனாரிடம் பேச்சுக் கொடுத்தால் அவருக்கும் ஒரே குறைதான்: "வேலை கிடைக்கறதில்லீங்க." ஒரே சாலையின் இரண்டு ஓரங்களிலிருந்து எழும் இந்த இரண்டு புலம்பல்களும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

கோயமுத்தூர் காட்டிய வழி

இது புதிய பிரச்னை அன்று. கோயமுத்தூர் இதைச் சுமார் நூறு வருஷங்களுக்கு முன்பே சந்தித்திருக்கிறது.

1888-ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலைக்குப் பிறகு, மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1930-களின் ஆரம்பத்தில் பைக்காரா மின்சாரமும் வந்து சேர்ந்தது. மில்லுக்கு இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரம் பழுதானால் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே! கிணற்றுக்கு பம்பு வந்துவிட்டது. பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் வேண்டுமே!

பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வர், 1926-ல் தங்கள் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாக்கினார்கள். நான்கு பாகம் நான்கு சகோதரர்களுக்கு. ஐந்தாவது பாகம் தருமத்துக்கு. தருமத்தையும் ஒரு சகோதரனாகப் பாவித்துப் பங்கு கொடுத்த இந்தச் செய்தி கொங்கு நாட்டில் இன்றும் பெருமையுடன் சொல்லப்படுகிறது. அந்தத் தருமத்தில் எழுந்த ஸ்தாபனங்களுள் ஒன்று தொழிற்பயிற்சிக் கூடம். அது பெயருக்கு நடந்த வகுப்பறை அன்று. விலைக்குப் போகக்கூடிய பம்புகளும் மோட்டார்களும் செய்யும் பட்டறையாகவும் அதுவே இருந்தது. மாணவன் செய்த சாமான் சந்தைக்குப் போக வேண்டும். சந்தையில் விலை போகாத சாமானுக்கு ஆசிரியர் எத்தனை மார்க்குப் போட்டால்தான் என்ன? 1951-ல் பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டபோது, இந்தப் பட்டறையின் பக்கத்திலேயே ஏற்பட்டது. நாட்டின் வேறு பல கல்லூரிகளில் கட்டடம் முன்னால் வந்து பட்டறை பின்னால் வந்தது. இங்கே பட்டறை முன்னால் வந்தது.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியவர் ஜி. டி. நாயுடு. 1893-ல் கலங்கலில் பிறந்த இந்த அதிசய மனிதருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, இயந்திரம் பிடித்திருந்தது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தாமே ஓட்டத் தொடங்கியவர், பிறகு பெரும் மோட்டார் ஸ்தாபனத்துக்கே அதிபரானார். 1937-ல் டி. பாலசுந்தரமும் அவரும் சேர்ந்து மின்சார மோட்டார் செய்து காட்டியது சுதேசி உத்தியோக வரலாற்றில் ஒரு நல்ல நாள்.

1945-ல் அவருடைய கொடையின் துணையுடன் அன்றைய கவர்னரின் பெயரால் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி கோயமுத்தூரில் தொடங்கிற்று. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று நாம் அறிவது அதுவே. நாயுடுவே அதன் தலைவராகவும் அமர்ந்தார். அமர்ந்தவுடன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்! பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதாதா என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ரேடியோவிலும் மோட்டார் வண்டியிலும் ஆறே வாரத்தில் பயிற்சி கொடுக்கும் விசேஷ வகுப்புகளையும் நடத்திக் காட்டினார். வெள்ளைக்கார சர்க்கார் அவருடைய யோசனையை ஏற்றுக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது, இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. ரேடியோ பழுது பார்க்க ஒருவனுக்கு ஆறு வாரம் போதும் என்பதை நாயுடு நிரூபித்தார். அந்த ரேடியோவின் இடத்தில் வேறொரு சாதனம் வந்துவிடும்போது அந்த மனிதன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு ஆறு வாரத்தில் பதில் கிடையாது. வால்வு ரேடியோ போயிற்று, டிரான்சிஸ்டர் வந்தது, அதுவும் போயிற்று. அடிப்படை மின்னியல் தெரிந்தவன் ஒவ்வொரு மாறுதலையும் தாண்டினான். திருகாணியை மட்டும் திருகத் தெரிந்தவன் வழியில் நின்றுவிட்டான்.

ஆகவே நல்ல தொழிற்கல்விக்கு இரண்டு கால் வேண்டும். ஒரு கால் ஊரின் ஆலையில் ஊன்றியிருக்க வேண்டும். மற்றொரு கால் எந்த ஊருக்குப் போனாலும் செல்லுபடியாகும் அடிப்படை அறிவில் ஊன்றியிருக்க வேண்டும்.

ஆலை கேட்பது என்ன?

காங்கேயத்து ஆலைக்கு உண்மையில் எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? சற்று உள்ளே போய்ப் பார்ப்போம்.

புழுங்கலரிசி ஆலையின் உயிர்நாடி கொதிகலன். உமியை எரித்து நீராவி எழுப்பி நெல்லை அவிக்கிறார்கள். கொதிகலனை நடத்துகிறவன் அதற்குரிய சான்றிதழ் பெற்றவனாக இருக்க வேண்டும் என்பது 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தின் காலத்திலிருந்தே உள்ள ஒழுங்கு. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. நீராவியின் சுபாவம் மட்டும் மாறவில்லை. வறண்ட சீமையின் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அந்த நீரை அப்படியே கொதிகலனில் விட்டால் குழாய்களின் சுவரில் ஓடு கட்டும். ஓடு கட்டிய குழாயில் வெப்பம் நீருக்குள் ஏறாது. உமி அதிகம் செலவாகும். இரும்பு அளவு மீறிக் காய்ந்து ஒரு நாள் வெடிக்கவும் கூடும். ஆக, ஒரு கொதிகலன்காரனுக்கு நீரின் குணம் அறியும் ரசாயனமும், அழுத்தத்தை அளக்கும் கணிதமும், அபாயம் வருமுன் அதை அறியும் கருத்தும் வேண்டும். "நெருப்புப் போடுகிற ஆள்" என்று நாம் அலட்சியமாகச் சொல்லுகிறவனுக்குத் தேவையான படிப்பு இது!

அவித்த நெல்லை ஈரப்பதம் சுமார் நூற்றுக்குப் பதினான்கு வரும்வரை உலர்த்த வேண்டும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மேல் காய்ந்தால் அரைக்கும்போது நொய்யாகும். ஆலையின் கடைசிக் கட்டத்தில் நிற்பது நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் இயந்திரம். மில்காரர்கள் அதைச் 'சார்டெக்ஸ்' என்பார்கள். விழும் அரிசி ஒவ்வொன்றையும் காமிராக் கண் பார்க்கிறது. கறுத்த மணியைக் காற்று ஊதித் தள்ளிவிடுகிறது. அது நின்றுவிட்டால், வெளியூரிலிருந்து மெக்கானிக் வரும்வரை ஆலை காத்துக் கிடக்க வேண்டியதாகிறது.

எண்ணெய் ஆலைக்குப் போவோம். உடைத்த தேங்காயில் ஏறக்குறைய பாதி நீர். அதை நூற்றுக்கு ஆறு என்ற அளவுக்குக் கொண்டுவந்தால்தான் நல்ல கொப்பரை. ஈரம் தங்கினால் பூஞ்சணம்; பூஞ்சணத்திலிருந்து நஞ்சு. களத்தில் பருப்பைப் புரட்டிக் காயவைக்கும் பெண்கள் கைபட்டாலே ஈரத்தை அறிந்துவிடுகிறார்கள். அந்தக் கையறிவோடு ஈரம் அளக்கும் கருவியின் அறிவும் சேர்ந்தால் அவர்கள் கூலியாட்களாக இராமல் தர நிர்ணயிகளாக உயர்வார்கள்.

கொப்பரையை நசுக்கும் எக்ஸ்பெல்லரின் உள்ளே இருக்கும் திருகுத் துண்டுகள் நாளடைவில் தேய்ந்துபோகும். தேய்ந்ததன் மீது கடினமான உலோகத்தைப் பற்றவைத்து, மறுபடியும் கடைந்து, பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் படித்த பையன் இரண்டு தகட்டை ஒட்டக் கற்றிருப்பான். தேய்ந்த திருகை உயிர்ப்பிக்கும் வித்தையையும் அவனுக்குக் கூடுதலாகச் சில வாரங்கள் கற்றுக்கொடுத்தால், காங்கேயத்திலேயே அவனுக்குச் சோறு உண்டு. அடிப்படை வெல்டிங் படிப்பு அவனைக் காங்கேயத்துக்கு வெளியிலும் காப்பாற்றும். நாம் மேலே சொன்ன இரண்டு கால் என்பது இதுதான்.

சர்க்கார் தரப்பிலும் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுதந்திர இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-லேயே தொடங்கியது. தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2022-ல் 'நான் முதல்வன்' திட்டமும், 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களுடன் திருத்தி அமைக்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டன. பக்கத்துத் திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் 1997-லேயே பின்னலாடைத் தொழிலுக்கென்று தனியாக ஒரு கல்வி ஸ்தாபனம் ஏற்படுத்த முன்வந்தது. தொழிலதிபர்கள் தாமே சேர்ந்து தங்களுக்கு வேண்டிய படிப்பை உண்டாக்கலாம் என்பதற்கு, ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் கிடைக்கும் சாட்சி அது.

ஆனால் பழகுநர் சட்டத்தில் காங்கேயத்தைப் பொறுத்தவரை ஒரு முடிச்சு இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி, முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் கட்டாயமாகப் பழகுநர்களை எடுக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை. நான்கு முதல் இருபத்தொன்பது பேர் உள்ள ஸ்தாபனத்துக்கு அது இஷ்டம். சிறு ஆலைகளும் களங்களும் நிறைந்த ஊரில், 'இஷ்டம்' என்பதற்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே பொருளாகிவிடுகிறது. சிறு ஆலைக்காரர் ஒருவர் தனியாக ஒரு பையனைப் பழக்க முடியாது என்பது வாஸ்தவம். பத்து ஆலைக்காரர் சேர்ந்தால் பத்துப் பையன்களை முறைவைத்துப் பழக்க முடியாதா? ஒரு மாதம் கொதிகலன், ஒரு மாதம் எக்ஸ்பெல்லர், ஒரு மாதம் உலர்களம் என்று சுற்றி வந்தால், எந்த ஒற்றை ஆலையும் தர முடியாத பயிற்சி அவனுக்குக் கிடைத்துவிடும்.

கூலி ஏற வேண்டாமா?

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம்.

பயிற்சி என்ற சொல்லுக்குக் கொங்கு நாட்டில் ஒரு கறை உண்டு. 1990-களுக்குப் பிறகு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரில் ஓர் ஏற்பாடு பரவிற்று. ஏழைக் குடும்பத்துப் பெண்களைப் 'பழகுநர்' என்று சேர்த்துக்கொள்வது. மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்குவது. முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக வாக்களிப்பது. நடுவில் உடம்புக்கு முடியாமல் போனவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை என்றும், குறைந்தபட்சக் கூலிகூடத் தரப்படவில்லை என்றும் எழுந்த கண்டனங்கள் கடல் கடந்தும் ஒலித்தன. மூன்று வருஷம் 'பழகிய' பெண் எதைக் கற்றுக்கொண்டு வெளியேறினாள் என்று கேட்டால், பல இடங்களில் விடையில்லை. கற்பிக்காத பயிற்சிக்குப் பயிற்சி என்று பெயர் வைப்பது, தீனி வைக்காத கொட்டிலுக்குக் கோசாலை என்று பெயர் வைப்பது போலத்தான்.

ஆலையின் தேவைக்கு ஏற்றபடி படிப்பு அமைய வேண்டும் என்று வாதாடுகிற நாம், இந்தக் கறையை மறைத்துவிட்டு வாதாடக் கூடாது. முதலாளியின் தேவை மட்டுமே படிப்பின் அளவுகோலானால், முதலாளிக்கு மலிவான கை கிடைக்கும். தேசத்துக்குத் தேர்ந்த தொழிலாளி கிடைக்க மாட்டான்.

ஜெர்மனி தேசத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பழகுநன் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் படிக்கிறான். மற்ற நாட்களில் ஆலையில் சம்பளத்துடன் பழகுகிறான். இப்படி இரண்டு முதல் மூன்றரை வருஷம். கடைசிப் பரீட்சையை அவனைப் பழக்கிய முதலாளி நடத்துவதில்லை. அந்தப் பிரதேசத்துத் தொழில் வர்த்தக சபை நடத்துகிறது. ஆகையால் அவன் பெறும் சான்றிதழ் தேசமெங்கும் செல்லும். முதலாளியைப் பிடிக்காவிட்டால் அவன் வேறிடம் போகலாம்! போகக்கூடியவன் என்பதனாலேயே முதலாளியும் அவனை மரியாதையாக நடத்துகிறார்.

ஆகவே காங்கேயத்து ஆலையதிபர்களிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. தங்களுக்கு எந்தெந்த வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும். தங்களிடம் முப்பது வருஷம் வேலை செய்து முதிர்ந்த மிஸ்திரியை வாரத்தில் ஒரு நாள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஆசிரியராக அனுப்பட்டும். பழகின மாட்டை நுகத்தடியில் பூட்டுவது அதுதான். பழகும் காலத்துக்குச் சட்டப்படியான உதவித்தொகையும், பழகி முடித்தவனுக்கு அவன் கல்விக்கு ஏற்ற சம்பளமும் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். இதை நாம் கற்றுக்கொண்டது எந்தக் கமிட்டியின் அறிக்கையிலிருந்தும் அன்று. காங்கேயம் பஸ் நிலையத்தில் நம்முடன் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னது. தம் மகன் இரண்டு வருஷம் தொழிற்பயிற்சி படித்துவிட்டு இப்போது வெளியூரில் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்றார் அவர். "ஏனுங்க, இங்கேயே மில்லுகள் இருக்கின்றனவே?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "படிக்காத ஆளுக்கு என்ன கூலியோ, அதேதானுங்க இவனுக்கும்னாங்க. படிக்க வெச்சாப் போதுமுங்களா? படிச்சதுக்குக் கூலி ஏறோணுமுங்களே!" என்றார்.

பாடத்திட்டம் வகுக்கும் பண்டிதர்களும், "ஆள் கிடைக்கவில்லை" என்று குறைப்படும் முதலாளிகளும் இந்த ஒரு வாக்கியத்தை எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். கன்றை நுகத்தடியில் பூட்டுகிற குடியானவன், மாலையில் அவிழ்த்துவிட்டதும் முதலில் செய்வது அதன் முன் தீனி வைப்பதுதான். பழகின மாட்டுக்கு வைக்கும் அதே சோளத்தட்டில் கன்றுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை மறந்தவனிடம் எந்தக் கன்றும் இரண்டாம் நாள் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்காது.